நிழலுக்குக் கூடும் வெளிச்சம்

ராஜபாளையத்தில் கீரை வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் குடிவந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. வெளியே மண்ணில் விதைத்தால் முளைத்த மூன்றாம் நாளே சுருண்டு கருகிவிடுகிறது. அதனால் ஊரைச் சுற்றிப் பூட்டிக் கிடந்த பஞ்சாலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நூல் ஓடிய கூடங்களில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டிப் பாத்திகள் அமைத்து, மேலே விளக்குப் போர்டுகளைத் தொங்கவிட்டார்கள். மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இன்றைக்கும் பெண்கள் கிளம்புகிறார்கள், போவதென்னவோ கீரை பறிக்க.

அந்த ஆலைகளில் ஒன்றான மீனலோசனி மில்லில், ஏழாம் வரிசைக்கு என்னவோ பிடித்திருந்தது. தினமும் காலை பத்து இருபதுக்கு அங்கே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிரகாசமாகும். கொஞ்ச நேரத்தில் வரிசை மொத்தமும் பட்டென்று அணையும். சூடு தணிந்து மறுபடி எரிய அரைமணி, முக்கால் மணி ஆகும். விளக்கைச் செய்த கோயமுத்தூர் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை, அந்தப் போர்டை வடிவமைத்தவளே வந்தாள்.

பூங்கோதைக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் இரண்டு தடவையும் அவள்தான் வந்திருக்க வேண்டும். ஆளை அனுப்பிவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி ஒளிந்துகொண்டாள். காரணம் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மீனலோசனி மில்லில் கூடத்து மேஸ்திரியாக இருந்த செந்தட்டி அவளுடைய புருஷன். போன சித்திரையில் மில் பஸ் வழியில் நின்றுபோன ஒரு நாள், வேலைக்கு நேரமாகிறதே என்று இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்தவன், வாசல் கேட்டைப் பிடித்தபடி சரிந்தான். பதினொரு மாதமாகிறது.

செய்தி வந்தபோது பூங்கோதை சோதனைக் கூடத்தில் இருந்தாள். போன் மேஜை டிராயருக்குள் இருந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வெயிலில் உடம்பை வைத்திருக்க முடியாதும்மா என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை என்பது ஒரு முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. அதற்கப்புறம் இந்த ஊர்ப் பக்கமே அவள் தலைவைக்கவில்லை.

"வாங்க மேடம். உங்களுக்கு லெட்டர் போட்டுப் போட்டு எனக்குக் கையே ஓய்ஞ்சு போச்சு" என்றார் மேனேஜர் ஜெகந்நாத ராஜா. அவருக்கு அவள் யார் என்று தெரியாது. அவர் இந்த மில்லுக்கு வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது. பேச்சில் கடுகடுப்பு இருந்தாலும், உட்காருவதற்கு முன்னால் மோர் வரவழைத்தார்.

மின்பலகை அறையில் கணினித் திரை ஓடிக்கொண்டிருந்தது. ராஜா அதைக் காட்டாமல் முதலில் தன் சந்தேகத்தைக் கொட்டினார்.

"எனக்கு ஒண்ணு விளங்க மாட்டேங்குது. விளக்குன்னா எரியணும், இல்லேன்னா அணையணும். இது ஏன் மேடம் ஆளைப் பார்த்து ஆட்டம் போடுது?"

"ஆளைப் பார்க்காதுங்க. நிழலைப் பார்க்கும்."

"விளக்குக்கு ஏது கண்ணு?"

"அதுவேதான் கண்ணு." இதை அவள் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறாள், வாய் தானாகப் பேசியது. "ஒரு போர்டுல இருநூறு டையோடு. அலுமினியத் தகட்டுல ஒண்ணு பின்னால ஒண்ணாக் கோத்திருக்கும். பெரும்பாலும் வெள்ளை, நடுநடுவுல சிவப்பு. எல்லாத்துக்கும் ஒரே அளவா கரண்டு போகும். ஆனா நொடிக்கு நூறு தடவை, நமக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு எரியும். அணைஞ்சிருக்கிற அந்தத் துளி நேரத்துல சிவப்பு டையோடு வெளிச்சத்தைக் கொடுக்காம வாங்க ஆரம்பிக்கும். பக்கத்துப் போர்டு வெளிச்சம் இலையில பட்டு எவ்வளவு திரும்பி வருதுன்னு அளக்கும்."

"குறைஞ்சா?"

"நடுவுல எதுவோ மறைக்குதுன்னு அர்த்தம். செடிக்குக் குறையக் கூடாதுல்ல, அதனால கரண்டைக் கூட்டும்."

"சரி. தினமும் ஒரே நேரத்துக்கு மறைச்சா?"

"கத்துக்கும். நாலு நாள் பார்த்துட்டு, அஞ்சாம் நாள் நிழல் வர்றதுக்கு முந்தியே கூட்டி வச்சுக் காத்திருக்கும்."

"வராட்டி?"

"நாற்பது நாள் பார்க்கும். அப்புறம் மறந்துடும். நான்தான் அப்படி வச்சேன்."

ராஜா திரையை அவள் பக்கம் திருப்பினார். "அப்போ இது யாரு நிழல், சொல்லுங்க. பத்து இருபதுக்கு அந்த வரிசையில யாருமே நடக்குறதில்ல. நானே மேலே இருந்து பார்த்தேன்."

திரையில் இருபத்துநான்கு கோடுகள், போர்டுக்கு ஒன்று. பத்து இருபதுக்கு முதல் கோடு மேலே ஏறியது. ஒன்பது நொடி கழித்து இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. போர்டுக்குப் போர்டு பத்தடி. பத்தடிக்கு ஒன்பது நொடி என்றால் மெதுநடை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற ஆளின் நடை. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் பதினான்கு நொடி. அந்த இடத்தில் தண்ணீர்க்குழாய் குறுக்கே போகிறது, குனிந்துதான் தாண்ட வேண்டும், செந்தட்டிக்குக் குனிந்தால் முழங்கால் பிடிக்கும். பத்தொன்பதாவது கோட்டில் வந்து அது நின்றது. இருபதாவது கோடு ஏறவில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம் பைக்கிலிருந்து விழுந்து உடைந்த முழங்கால் அது. மாவுக்கட்டு பிரித்த அன்று, அவன் முதல் அடி எடுத்து வைக்கும்போது அவள்தான் பக்கத்தில் நின்றாள். உலகத்தில் வேறு யாருடைய நடையாகவும் அது இருக்க முடியாது.

"மேடம்? தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

திரையில் இன்னொன்றும் இருந்தது. ஏறிய கோடுகள் எதுவும் இறங்கவில்லை. பத்தொன்பதும் ஏறியபடியே நின்றன. அத்தனை போர்டும் சேர்ந்து இழுத்தால் ஒரு வரிசைக்கு வைத்த ஒற்றை பவர் சப்ளை என்ன செய்யும், தாங்காமல் அணைகிறது. படித்த யாரும் முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். பூங்கோதையின் கண் அந்த நடையை விட்டு நகரவில்லை.

ராஜா கறாராகச் சொன்னார்: "இது புத்தி பேதலிச்ச போர்டு. உங்க ஆளுக சொன்னாங்க, இது கத்துக்கிட்டதை அழிக்கிற சாவி உங்க கையிலதான் இருக்காம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அழிச்சு விட்டுருங்க. இல்லேன்னா கோவிச்சுக்காதீங்க, சனிக்கிழமை எல்லாத்தையும் கழட்டிட்டு சாதா போர்டு மாட்டிருவேன். ஏழாம் வரிசையில கீரை பாதி விளைச்சல்கூட இல்ல."

சாவி கழுத்தில்தான் தொங்கியது. செருகித் திருப்பினால் இரண்டு நிமிட வேலை. எப்படிப் பார்த்தாலும் அந்த நடை இந்த வாரத்தைத் தாண்டாது. நாளைக்குக் காலையில் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு அழிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்தில், கூடத்து வாசலில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வரிசைக்குப் பொறுப்பு முப்பிடாதி. அவளுக்கும் பூங்கோதை வயதுதான் இருக்கும், குரல் மட்டும் பழைய மில் சங்கு மாதிரி. "எஞ்ஜினியரம்மா, இங்கிட்டு வாங்க, நெழல்ல உக்காருங்க" என்று இடம் விட்டாள். இரண்டு இட்லியை வாளி மூடியில் வைத்துக் கையில் திணித்தாள்.

பூங்கோதை சுற்றி வளைத்துக் கேட்டாள். "பத்தொன்பதாவது போர்டுகிட்ட... அங்க யாராச்சும் தினமும் நிப்பாங்களா? முன்னால எப்பவாவது?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க மேஸ்திரி அண்ணாச்சி நிப்பாக" என்றாள் முப்பிடாதி. "செந்தட்டி அண்ணாச்சி. காலையில எல்லா வரிசையும் சுத்திட்டு, கடைசியா ஏழுக்கு வருவாக. அந்தப் போர்டுக்குக் கீழ வந்து நாலு நிமிசம் நிப்பாக. பேச மாட்டாக. அப்புறம் திரும்பிப் போயிருவாக."

"எதுக்கு?"

"அது உங்க கம்பெனி மொதமொதல்ல அனுப்புன போர்டும்மா. மத்ததுல எல்லாம் நம்பர் அச்சடிச்சிருக்கும். அதுல மட்டும் யாரோ கையால ஒண்ணுன்னு எழுதியிருக்கும். பழசாப் போச்சு, மாத்திரலாம்னு ரெண்டு தடவை ஏணியைத் தூக்கிட்டு வந்தாங்க. அண்ணாச்சி ஏணியில கைவைக்க விடல."

பூங்கோதை கையிலிருந்த இட்லியை மூடியிலேயே திரும்ப வைத்தாள். அந்த "1" அவள் எழுதியது. பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டில், ஜன்னலோர மேஜையில், இருநூறு டையோடையும் அவளே உட்கார்ந்து பற்றவைத்து, பிறகு கம்பெனிக்குக் கொண்டுபோன போர்டு அது.

அந்த மேஜையைப் பற்றி அவளுக்கு நினைக்கப் பிடிக்காது. செந்தட்டி ஷிப்ட் முடிந்து வருவான். நேராக வந்து அவளுக்குப் பின்னால் நிற்பான். முதுகுக்குப் பின்னால் டியூப்லைட், அதனால் அவன் நிழல் சரியாக வேலையின் மேல் விழும். கடுகளவு டையோடு, கையில் சூடான இரும்பு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தலையைத் தூக்காமலே சொல்வாள்: "நிழல் விழுது, தள்ளி நில்லு."

ஒன்பது வருடக் குடித்தனத்தில் அவனிடம் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவனும் தள்ளி நிற்பான். ஒரே ஒரு தடவை, "நிமிந்து பாத்துட்டாவது சொல்லேன், வந்திருக்கிறது நாந்தானா வேற எவனாச்சுமான்னு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்தாள், நிமிரத்தான் இல்லை.

கோயமுத்தூரில் வேலை கிடைத்தபோது நீயும் வா என்றாள். அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பொண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட நான் வரமாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றான். போய்விட்டு வா என்றான், அவள் போனாள், வரவில்லை. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு போன் மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றானது. ஆறு வருடம் ஓடியதே தெரியவில்லை. நிழலைச் சமாளிக்கும் விளக்குக்கு அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். இந்த யோசனை எப்படி வந்தது என்று மேடையில் கேட்டபோது, "வேலை செய்யும்போது நிழல் விழுந்தால் எனக்கு எரிச்சலாக வரும்" என்று சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் பார்க்காத ஆறு வருடமும் அவனை அவளுடைய போர்டு பார்த்திருக்கிறது. அவன் எத்தனை மணிக்கு வருவான், எவ்வளவு மெதுவாக நடப்பான், எங்கே நிற்பான் என்று அவளைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும்.

ராத்திரி லாட்ஜில் தூக்கம் பிடிக்காமல் புரண்டபோதுதான் அவளுக்குள் இருந்த எஞ்ஜினியர் விழித்துக்கொண்டாள். நாற்பது நாள். வராத நிழலை நாற்பது நாளில் மறந்துவிடும் என்று வைத்தவள் அவள். பதினொரு மாதமாகியும் ஏன் மறக்கவில்லை?

மறுநாள் பத்தேகாலுக்கே ஏழாம் வரிசையின் முனையில் போய் நின்றாள். பாத்திகளுக்கு நடுவே இரண்டு ஆள் போகும் அளவுக்கு நடைபாதை. பெண்கள் நடைபாதையில் நின்று இருபுறமும் அரைக்கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் சத்தமும் பேச்சும் கலகலவென்று இருந்தது. யாருடைய மருமகளோ எதையோ கருகவிட்ட கதை ஓடிக்கொண்டிருந்தது.

பத்து இருபது. முதல் போர்டு பளிச்சென்று கூடியது.

"அண்ணாச்சி வாராக, வழி விடுங்க" என்றாள் முப்பிடாதி.

பேச்சு நின்றது. முதல் போர்டுக்குக் கீழே இருந்தவள் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, நடைபாதையை விட்டு நகர்ந்து, பாத்தியின் மேல் சாய்ந்து ஒதுங்கி நின்றாள். அடுத்த போர்டு கூடியது. அதற்குக் கீழே இருந்தவளும் ஒதுங்கினாள். வெளிச்சம் வரிசையில் நடந்து வர, பெண்கள் ஒவ்வொருத்தியாக ஒதுங்கி வழி விட்டார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், குழாய் இருக்கும் இடத்தில், வெளிச்சம் சற்றுத் தயங்கியது. "பாத்து வாங்கண்ணாச்சி" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

பத்தொன்பதில் வந்து வெளிச்சம் நின்றது. அண்ணாச்சி திரும்பிப் போகும்வரை என்று ஒதுங்கியவர்கள் ஒதுங்கியபடியே நின்றார்கள், பத்தொன்பது பேர், பத்தொன்பது போர்டுக்குக் கீழே, இலையின் மேல் நிழல் விழ. பூங்கோதைக்கு அப்போது எல்லாம் புரிந்தது. புரிந்த அதே நொடியில் வரிசை பட்டென்று அணைந்தது.

இருட்டில் முப்பிடாதி பெருமூச்சு விட்டாள். "இந்தா, போயிட்டாக."

ஆக, போர்டுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. செந்தட்டி செத்த மறுநாள் காலையிலும் விளக்குகள் வழக்கம்போல அவன் நிழலுக்காகக் கூடிக் காத்திருந்தன. அதைப் பார்த்த பெண்கள் அவன் வருகிறான் என்று ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களின் நிழல் விழுந்ததும், வந்துவிட்டான் என்று விளக்குகள் நம்பின. விளக்கைப் பார்த்து இவர்கள் ஒதுங்க, இவர்கள் நிழலைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்ட, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மறக்கவிடாமல் பதினொரு மாதத்தை ஓட்டியிருக்கிறார்கள். முதலில் முப்பிடாதி மட்டும் ஒதுங்கியிருப்பாள், அப்புறம் நாலைந்து பேர். எல்லாரும் ஒதுங்க ஆரம்பித்த பிறகுதான் பவர் சப்ளைக்குத் தாங்கவில்லை. ஒரு ஆள் நடந்தபோது ஒரு நேரத்தில் ஒரு போர்டுதான் கூடியது, ஆள் நகர்ந்ததும் குறைந்தது. ஆறு வருடமும் ஒரு நாள்கூட அணைந்ததில்லை.

எமர்ஜென்சி விளக்கின் மங்கலில் அவள் அவர்களிடம் அதைச் சொன்னாள், எதையும் மறைக்காமல்.

"அப்ப வந்தது அண்ணாச்சி இல்லையா?" என்றாள் ஒரு இளம்பெண்.

"அவர் நடை அது. அவர் நடந்த மாதிரியேதான் வந்துச்சு. ஆனா கூட்டிட்டு வந்தது நீங்க."

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அணையுறது எங்களாலதான்னு தெரியாமப் போச்சும்மா. கீரை வாடும்போது எங்களுக்கு மட்டும் வவுறு எரியாதா? நீங்க சொல்லுங்க. ஒதுங்க வேணாம்னா ஒதுங்கல."

ஒதுங்காவிட்டால் நாற்பது நாளில் மறந்துவிடும். சாவியைத் திருப்பினால் இப்போதே மறந்துவிடும். வேண்டாம் என்று சொல்லத்தான் அவளை இவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள்.

"ஒருத்தர் நடந்தா அணையாது" என்றாள் கடைசியில். அதைச் சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளே யோசித்தாள்.

மின்பலகை அறையில் அவள் வேலையை முடித்தபோது மணி பன்னிரண்டு. ராஜா வாசலில் நின்றார்.

"அழிச்சாச்சா?"

"அழிக்கல."

"என்ன மேடம் நீங்க..."

"மாசா மாசம் இது கத்துக்கிட்டதை ஒரு பிரதி எடுத்து வைக்கும். போன சித்திரைப் பிரதியை எடுத்து உள்ள போட்டிருக்கேன். அப்ப ஒழுங்காத்தானே எரிஞ்சுச்சு? அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். பொம்பளைங்க எல்லாரும் பாத்தி மேல சாய்ஞ்சு நின்னதாலதான் அணைஞ்சுச்சு, இனிமே நிக்க மாட்டாங்க. பத்து இருபதுக்கு ஒருத்தர் மட்டும் நடப்பாங்க."

"அது எதுக்கு?"

அவள் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. "அது என் வீட்டுக்காரர் நடை சார். யாராச்சும் நடக்கலேன்னா நாற்பது நாள்ல போயிடும்."

ராஜா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. "எனக்குக் கீரை வந்தாச் சரி" என்றார். "நாளைக்கு அணையலேன்னா சனிக்கிழமை ஏணியை எடுக்கல. அணைஞ்சா நான் ஒண்ணும் செய்றதுக்கில்ல மேடம்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெண்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தக் கிழமை நடப்பது என்று முறை போட்டு முடித்திருந்தார்கள். திங்கள் முப்பிடாதி, செவ்வாய் இன்னொருத்தி. அன்றைக்கு வெள்ளி. வெள்ளிக்கு யார் என்று பூங்கோதை கேட்டாள்.

"இன்னைக்கு மொத நாளு. நீங்கதான் நடக்கணும் மதினி" என்றாள் முப்பிடாதி.

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். எஞ்ஜினியரம்மா எப்போது மதினி ஆனாள்?

"வந்த அன்னைக்கே தெரியும்" என்றாள் முப்பிடாதி. "இந்த வரிசையில யாரு புதுசா சேந்தாலும், அண்ணாச்சி மொதல்ல கூட்டிட்டுப் போயி அந்தப் போர்டைத்தான் காட்டுவாக. இது எங்க வீட்டுல செஞ்சது, எம் பொண்டாட்டி பூங்கோதை செஞ்சதும்பாக. மில்லு பூரா உங்க பேரு தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம்."

பத்து இருபதுக்கு முதல் போர்டு கூடியது. பெண்கள் தலை குனிந்தபடி கீரையைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஒதுங்கவில்லை, நிமிரவுமில்லை. எல்லார் கையும் கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான்.

பூங்கோதை நடந்தாள். வேகமாக நடந்தே பழகியவள். ஒன்பது நொடிக்குப் பத்தடி என்பது எவ்வளவு மெதுவானது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முந்தினால் வெளிச்சம் பின்தங்கியது. காலைத் தாமதித்து வைத்தாள், இடது காலை இன்னும் தாமதித்து வைத்தாள். அப்போது வெளிச்சம் அவளுக்கு ஒரு அடி முன்னால் விழுந்து, கூடவே வந்தது. அவள் கடந்த போர்டுகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. குழாயைக் குனிந்து தாண்டினாள். பத்தொன்பதுக்கு வந்து நின்றாள்.

அவன் தினமும் பார்த்ததைத் தானும் பார்க்கத்தான் அவள் வந்தாள். தன் கையெழுத்து, அந்த "1". தலையைத் தூக்கினாள்.

ஒன்றும் தெரியவில்லை. இருநூறு டையோடும் கூடி எரியும்போது எழுத்தாவது ஒன்றாவது. கண் கூசி, தானாக மூடிக்கொண்டது. மூடிய இமையின் மேல் சிவப்பாக வெளிச்சம் நின்றது, நெற்றியில் லேசாகச் சூடு. வேறு எதுவுமில்லை. ஆறு வருடம் இந்த இடத்தில் நின்ற செந்தட்டியும் எதையும் பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் எதற்கு நின்றான்?

அவன் வந்து நின்றால் அது கூடும். அதற்குத்தான். வீட்டில் அவன் நிழல் விழுந்தால் தள்ளி நில்லு. இங்கே அதே நிழலுக்கு, அவள் கையால் செய்த ஒன்று, வந்துவிட்டாயா என்பதுபோல ஒவ்வொரு நாளும் ஒளியைக் கூட்டியது. பத்து இருபது ஆகும் முன்னே அவனுக்காகக் காத்திருந்தது. அவள் ஒன்பது வருடம் செய்யாததை, அவள் செய்த போர்டு ஆறு வருடம் செய்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் காலை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான்.

பூங்கோதை நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். கத்தரிக்கோல் சத்தம் நிற்கவில்லை. அவளுக்காகத்தான் அவர்கள் அதை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். அவன் நிற்கும் நாலு நிமிடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மீதியிருந்தது. பிரதியில் இருந்தது அவன் நிழல், அவளுடையது அல்ல. அவள் ஒரு அடி எடுத்து வைத்து, போர்டுக்குக் கீழிருந்து விலகித் தள்ளி நின்றாள்.

வெளிச்சம் குறையவில்லை.